புற்றுநோயாளருக்குத் துணையாக நிற்பவர்களுக்கு



புற்றுநோயைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் நோயாளியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அது சரிதான். ஆனால் இந்த முறை நாம் நோயாளிக்குப் பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆளுக்காக எழுதுகிறோம். அவர் மனைவியாக இருக்கலாம், மகளாக, மருமகளாக இருக்கலாம். கொழும்பில் கடையில் நிற்கிற மகன் லீவு போட்டுவிட்டு வந்திருக்கலாம். முதல் பஸ்ஸைப் பிடிப்பது, கிளினிக்கில் நம்பர் எடுப்பது, டாக்டர் சொல்வதைக் கேட்பது, மருந்து வாங்குவது, திரும்பி வந்து லயத்தில் எல்லோருக்கும் பதில் சொல்வது, எல்லாமே அந்த ஒரு ஆள்தான். அவருக்கு விஷயம் தெரிந்தால் வைத்தியம் ஒழுங்காக நடக்கும். தெரியாவிட்டால் பாதியில் நின்று போகும்.

அப்படி நின்று போனதை நாம் பார்த்திருக்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஒரு அம்மாவுக்கு மார்பில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். மருமகள்தான் ஒவ்வொரு முறையும் கூட்டிப் போனார். மூன்று தரம் ஏற்றியதும் கட்டி சுருங்கி விட்டது. அம்மாவும் "இனி நல்லாயிருக்கு, எதுக்கு வீணா பஸ் காசு" என்று சொல்லிவிட்டார். மொத்தம் எத்தனை தரம் ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகு ஒபரேசன் உண்டா என்று மருமகளுக்குத் தெரியாது. டாக்டர் சிங்களத்தில் சொன்னார், இவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். ஐந்து மாதம் கழித்து அந்த அம்மா திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கையும் வீங்கியிருந்தது. மருமகளைக் குறை சொல்லி என்ன பயன்? கேட்கவேண்டியது இன்னது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் நோயின் பெயர். நம்ம பக்கத்தில் "மகரகம நோய்" என்றே சொல்லி விடுகிறார்கள், ஊர்ப் பெயரே நோய்க்குப் பெயராகி விட்டது. புற்றுநோய் என்பது ஒரு நோயல்ல. வாயில் வருவது வேறு, மார்பில் வருவது வேறு, கர்ப்பப்பை வாசலில் வருவது வேறு, இரத்தத்தில் வருவது வேறு. மருந்தும் வேறு, குணமாகும் வாய்ப்பும் வேறு. ஆகவே "எந்த இடத்துப் புற்றுநோய், எத்தனையாவது கட்டம்" என்ற இரண்டையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கு டாக்டர்மார் போடும் ஒன்றிலிருந்து நான்கு வரையான கணக்கு. ஒன்று என்றால் ஆரம்பம். நான்கு என்றால் தூர இடத்துக்கும் போய்விட்டது என்று பொருள். நான்கு என்றாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம் அல்ல, அதைப் பிறகு சொல்கிறோம்.

இதைச் சொல்வதற்குச் சதையில் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும். "கத்தி பட்டா நோய் பரவிடும்" என்று சொல்லி அந்தச் சோதனைக்கே விடாத குடும்பங்கள் உண்டு. அது தவறான பேச்சு. சோதிக்காமல் எந்த மருந்தைக் கொடுப்பது என்று டாக்டருக்கே தெரியாது.

அடுத்தது வைத்தியத்தின் கணக்கு. என்ன வைத்தியம், எத்தனை தரம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, அது முடிந்த பிறகு என்ன? மருந்து ஏற்றுவது பல நோய்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நடக்கும். கரண்ட் பிடிக்கிறது என்று நாம் சொல்லும் கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் சனி ஞாயிறு தவிர்த்து தினமும் சில வாரங்களுக்கு நடக்கும். அதற்குத் தங்குமிடம் வேண்டும், பஸ் காசு வேண்டும், வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால்தான் ஏற்பாடு செய்ய முடியும். எல்லாவற்றுக்கும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும் என்றும் இல்லை. கண்டி, பதுளை, இரத்தினபுரி போன்ற பெரிய வைத்தியசாலைகளிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. "கிட்டத்தில் செய்துகொள்ள முடியாதா" என்று கேட்பது குற்றமில்லை. சிலவற்றை அங்கே செய்யலாம், சிலவற்றுக்கு மகரகமதான் என்று அவர்களே சொல்லுவார்கள்.

கேட்பது என்றால் எப்படிக் கேட்பது? டாக்டருக்கு முன்னால் நின்றதும் வாய் அடைத்துப் போகிறது என்று பலர் சொல்கிறார்கள். முதல் நாள் ராத்திரியே பிள்ளையிடம் சொல்லி மூன்றே மூன்று கேள்வியை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பத்து கேள்வி வேண்டாம், டாக்டருக்கும் வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள். டாக்டரிடம் முடியாவிட்டால் வார்ட்டில் மிஸ்ஸிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்தது அதிகம். பாஷைதான் தடை என்றால், "தெமள கதா கரண கெனெக் இன்னவாத?" என்று கேளுங்கள். தமிழ் பேசுகிற ஆள் இருக்கிறாரா என்பதுதான் அதன் அர்த்தம். கடையில் உருளைக்கிழங்கு விலை பேசுகிற சிங்களம் நம் எல்லோருக்கும் தெரியும், நோயைப் பேசுகிற சிங்களம் அதிலிருந்து வேறு. விளங்காமல் தலையாட்டுவதைவிட விளங்கவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. டாக்டரிடம் அனுமதி கேட்டு அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்துகொண்டு வந்தால், பாஷை தெரிந்தவரிடம் பிறகு போட்டுக் கேட்கலாம்.

போன் என்றதும் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைக்கு லயத்தில் ஒரு வீட்டில் நோய் என்று தெரிந்தால், அன்று ராத்திரியே பிள்ளைகள் சிக்னல் கிடைக்கும் மேட்டில் போய் நின்று தேடுகிறார்கள். தேடட்டும். தெரிந்துகொள்ள ஆசைப்படுவது நல்லதுதான், தடுக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழில் தேடினால் வருகிற வீடியோக்களில் அதிகமானவை தமிழ்நாட்டில் எடுத்தவை. அங்கே உள்ள நல்ல டாக்டர்மார் பேசியதும் இருக்கிறது. நோய் எப்படி வருகிறது, சாப்பாடு என்ன கொடுப்பது, படுக்கையில் இருப்பவரை எப்படித் துடைத்துவிடுவது என்பதையெல்லாம் அதில் பார்த்துப் படிக்கலாம். ஆனால் அதில் சொல்கிற காப்பீட்டுத் திட்டம் அந்த நாட்டாருக்கு. அதில் சொல்கிற செலவு அங்குள்ள தனியார் ஆஸ்பத்திரியின் செலவு. அதைப் பார்த்துவிட்டு "பத்து இலட்சம் வேணுமாம், நம்மால் முடியுமா" என்று அழுதவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் புற்றுநோய் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. சில நேரம் சில மருந்து கையிருப்பில் இல்லாமல் வெளியே வாங்கச் சொல்லுவார்கள், அது உண்மை. அப்போதும் நகையை அடகு வைப்பதற்கு முந்தி, "இதற்குப் பதிலாக இங்கே உள்ள மருந்து ஏதும் உண்டா, எத்தனை நாள் பொறுக்கலாம்" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

போனில் இன்னொரு பயம், எண்ணிக்கை. இந்த நோய் வந்தால் நூற்றுக்கு இத்தனை பேர்தான் ஐந்து வருடம் இருப்பார்கள் என்று போட்டிருப்பார்கள். அது வேறு நாட்டில், எல்லா வயதினரையும் சேர்த்து, சில வருடங்களுக்கு முன்னால் எடுத்த கணக்கு. உங்கள் அப்பாவைப் பார்த்துச் சொன்னது அல்ல. அவருக்கு எப்படி என்று அவருடைய ரிப்போட்டைப் பார்த்த டாக்டரால்தான் சொல்ல முடியும். கட்டம் எது என்று தெரியாமல் அந்த எண்ணிக்கையைப் படிப்பதால் தூக்கம் கெடுவதைத் தவிர வேறொன்றும் இல்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வைத்தியம் இன்னும் மோசம். முள்ளுச் சீத்தா இலையை அவித்துக் குடித்தால் போதுமாம், சிங்களத்தில் கட்டு அனோதா என்பார்களே, அதுதான். அப்பச்சோடாவைக் கரைத்துக் குடித்தால் கட்டி கரையுமாம். இவை மனிதரின் புற்றுநோயைக் குணமாக்கியதற்கு ஆதாரம் கிடையாது. முள்ளுச் சீத்தாவைத் தொடர்ந்து அதிகமாக எடுத்தால் நரம்புக்குக் கேடு வரலாம் என்றும் ஆராய்ச்சியில் சொல்லியிருக்கிறார்கள். அப்பச்சோடாவுக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. மருந்து ஏற்றியவருக்கு வாய் புண்ணாகும்போது, ஒரு கிளாஸ் ஆறிய வெந்நீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் போட்டு நாளைக்கு நாலைந்து தரம் கொப்பளித்துத் துப்பினால் சுகமாக இருக்கும். துப்பத்தான், குடிக்க அல்ல.

நல்ல விஷயத்தையும் கெட்ட விஷயத்தையும் பிரித்துப் பார்க்க நாம் பிள்ளைகளுக்குச் சொல்லுவது இதுதான். பேசுகிறவர் எதையாவது விற்கிறாரா? ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்து என்கிறாரா? எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே மருந்து என்கிறாரா? மூன்றில் ஒன்று ஆம் என்றாலும் அழித்துவிடுங்கள். சுகாதார அமைச்சின் தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு வேலைத்திட்டம் வெளியிடுவதைப் பாருங்கள், அது நம் நாட்டு நடைமுறை. நாட்டு மருந்து ஏதும் கொடுக்கத்தான் வேண்டும் என்று மனம் கேட்காவிட்டால், டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். சில இலைச்சாறுகள் ஆஸ்பத்திரி மருந்தோடு சேர்ந்து ஈரலுக்குக் கெடுதி செய்யும். டாக்டர் ஏசுவார் என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம். ஏசினால் ஏசட்டும்.

இனி, போனில் தேடிக்கொண்டிருக்க நேரமில்லாத ஒரு விஷயம். இதை மட்டுமாவது கத்தரித்துக் கதவில் ஒட்டி வைக்கச் சொல்லிக் கேட்கிறோம். மருந்து ஏற்றிய பிறகு உடம்பில் நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் குறையும். பெரும்பாலும் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை மிகவும் குறைவாக இருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸ், பழைய கணக்கில் 100.4 வந்தால், அல்லது குளிர் நடுக்கம் கண்டால், அது சாதாரண காய்ச்சல் அல்ல. பெனடோல் கொடுத்துக் கம்பளியைப் போர்த்திப் படுக்க வைத்து விடிந்ததும் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ராத்திரியானாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும், மருந்து ஏற்றியவர் என்று முதலாவதாகச் சொல்ல வேண்டும், கிளினிக் கொப்பியைக் காட்ட வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. உங்கள் லயம் வரை பாதை சரியில்லை என்றால் எந்தச் சந்திக்கு நோயாளியைக் கொண்டு வருவது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தோட்ட லொறி தேவைப்பட்டால் யாரை எழுப்புவது என்றும் தெரிந்திருக்கட்டும். உஷ்ணமானி ஒன்று பாமசியில் வாங்கி வைப்பது நல்லது. கையால் தொட்டுப் பார்ப்பது போதாது.

மருந்து ஏற்றிய இரண்டு நாளைக்கு நோயாளியின் வாந்தி, மூத்திரத்தைக் கையுறை போட்டுத்தான் துப்புரவாக்க வேண்டும், கையுறை இல்லாவிட்டால் பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். கக்கூஸில் தாராளமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தத் துணிகளைப் புறம்பாகத் துவைக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் அந்த வேலையைச் செய்யாமல் இருப்பது நல்லது. இது மருந்தின் காரணமாக, நோய் ஒட்டிக்கொள்ளும் என்பதற்காக அல்ல. புற்றுநோய் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம், பேரப்பிள்ளையை மடியில் வைக்கலாம். வெளியிலிருந்து கரண்ட் பிடித்தவருடைய உடம்பில் எந்தக் கதிரும் தங்குவதில்லை. ஒரு லயத்தில் நோயாளிக்குத் தனிக் கோப்பை, தனி மூலை என்று வைத்திருந்ததை நாம் பார்த்தோம். அந்த ஐயா, "நோயைவிட இந்தக் கோப்பைதான் தாங்க முடியல்ல" என்றார்.

நோயாளியிடம் சொல்வதா, மறைப்பதா? எல்லாக் குடும்பத்திலும் இந்தச் சண்டை வருகிறது. "அம்மா தாங்கமாட்டாங்க, சொல்லாதீங்க டாக்டர்" என்று பிள்ளைகள் முன்னாலேயே போய்ச் சொல்லி வைக்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் முடி கொட்டுகிறது, அந்த வார்ட்டில் எல்லோரும் அதே நோய்க்காரர்கள், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பேசுகிறார். அம்மாவுக்குத் தெரிந்துதான் இருக்கும். பிள்ளைகள் கவலைப்படக் கூடாது என்று அவரும் தெரியாததுபோல் இருப்பார். இரண்டு பக்கமும் தனித்தனியே அழுவார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. "டாக்டர் என்ன சொன்னார்னு தெரிஞ்சுக்க விருப்பமா அம்மா?" என்று கேளுங்கள். கேட்கிறதற்குப் பதில் சொல்லுங்கள். கேட்காததை வற்புறுத்திச் சொல்ல வேண்டாம். பொய் மட்டும் வேண்டாம், ஏனென்றால் ஒரு பொய் பிடிபட்டால் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்.

வலிக்கு மோபீன் கொடுத்தால் கதை முடிந்தது, பழக்கமாகிவிடும் என்று மருந்தை ஒளித்து வைக்கிற உறவினர்களும் இருக்கிறார்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் எழுதிய அளவில், எழுதிய நேரத்துக்குக் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. வலி வந்த பிறகு கொடுப்பதைவிட நேரம் தவறாமல் கொடுப்பதுதான் முறை. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். நான்காம் கட்டத்திலும் செய்ய வேண்டியது இருக்கிறது என்று மேலே சொன்னது இதைத்தான். வலியில்லாமல், மூச்சுத் திணறாமல், சொந்தக் காம்பிராவில் நிம்மதியாக இருக்க வைப்பதும் வைத்தியம்தான். அதற்கென்று வைத்தியசாலைகளில் வைத்தியர்களும் இருக்கிறார்கள்.

"எனக்கும் வருமா?" என்று வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கிற மகள்மாரும் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை. அநேகமான புற்றுநோய் பரம்பரையில் வருவதில்லை. ஆனாலும் தாய்க்கோ சகோதரிக்கோ மார்புப் புற்றுநோய் என்றால், வெல் வுமன் கிளினிக் என்று மிட்வைஃப் மிஸ் சொல்லுவாரே, அங்கே போய் அதைச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 35 வயதில் கர்ப்பப்பை வாசல் சோதனையும் அங்கே செய்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு அந்தப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் பாடசாலையில் போடப்படுகிறது, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வாய்ப் புற்றுநோய் வந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே மகன் வெற்றிலைப் பையைத் திறப்பதையும் நாம் காண்கிறோம். புகையிலை இல்லாமல் வெறும் பாக்குப் போட்டாலும் கேடுதான். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால் பல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாகத் துணைக்கு நிற்பவரைப் பற்றி. அவருக்குப் பேர் விழுவதில்லை, வீட்டுக்கு வருமானம் குறைகிறது, தூக்கம் இல்லை. அழுதால் நோயாளி பயப்படுவார் என்று அழுவதும் இல்லை. சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய பெண் பிள்ளையை நிறுத்தி வைத்து அம்மாவைப் பார்க்க விடுவது பல லயங்களில் வழக்கமாகி விட்டது. அதற்கு முந்தி மாதர் சங்கத்தில் பேசுங்கள். ஒருவர் கிளினிக்குக்குப் போகிற நாளில் இன்னொருவர் பிள்ளைகளுக்குச் சமைப்பது, இரண்டு ராத்திரிக்கு ஒருமுறை வேறொரு ஆள் நோயாளியின் பக்கத்தில் படுப்பது என்று முறை போட்டுக்கொண்ட லயங்கள் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்களும் ஓரேஞ்ச் பார்லி வாங்கி வந்து உட்கார்ந்து, "அன்னைக்கு இந்த நோயிலதான் எங்க மாமா செத்தார்" என்று கதை சொல்வதைவிட ஒரு கட்டு விறகு கொண்டு வந்து போட்டால் புண்ணியம். மனசு தாங்காமல் போனால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்குப் பேசலாம். பைத்தியம் பிடித்தவர்களுக்கு மட்டும் உள்ளது அல்ல அது.

பண உதவிக்கு மூன்று வாசல் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் நோயாளர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 முதல் கொழும்புக்குப் போகாமல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். ஈ.பி.எப். பணத்தில், பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்து கணக்கில் மூன்று இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் இருப்பவர்கள், 30 சதவீதம் வரை வைத்தியத்துக்காக முன்கூட்டியே எடுக்க 2012 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் இடம் உண்டு. மூன்றுக்கும் டாக்டரின் கடிதமும் சதைச் சோதனை ரிப்போட்டும் கேட்பார்கள். அந்தக் காகிதங்களைக் கூரை ஒழுகாத இடத்தில், பொலித்தீன் பையில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்து வைத்தால், பையே தொலைந்தாலும் ஆள் தொலையமாட்டார்.

அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, ஈ.பி.எப். இலக்கம் மூன்றையும் கொண்டு எங்களிடம் வந்தால் விண்ணப்பத்தை எழுதித் தருவோம். பிரதேச செயலகத்துக்குப் போகிற நாளுக்கு முந்திய நாள் பின்னேரம், கொழுந்து நிறுத்த பிறகு வாருங்கள். அதே நாள் காலையில் வந்தால் பெரட்டு நேரமாக இருக்கும், உட்கார்ந்து எழுத முடியாது.